அரைச்சுரம் மேலே

நவம்பர் 13, திங்கள்

தந்தி வாத்தியங்கள் முடிந்தன. முதல் வயலின் தொடங்கி டபிள் பாஸ் வரை, படைப்பின் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 118 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பியானோவில் மூன்று முறை வாசித்துச் சரிபார்த்தேன். மதியம் பஸ்ஸில் கொண்டுபோய் லேக்ஷோர் இசைக்குழுவின் நூலகரிடம் ஒப்படைத்தேன். மற்ற இசையமைப்பாளர்கள் முழு வேலையையும் கணினியில் ஒன்றாக அனுப்பிவிடுகிறார்கள். நான் கையால் எழுதி, அடுக்கடுக்காகக் கொடுக்கிறேன். நூலகர் முகத்தில் அலுப்பு இல்லை, அல்லது மறைத்துக்கொண்டார்.

இனி ட்ரம்பெட், ஹார்ன் முதலான பித்தளைக் குழல்கள், டிசம்பர் 15க்குள். பிறகு மரக்குழல்கள், ஜனவரி 15க்குள். இசைக்குழுவை நடத்தும் ஒடில் பெப்ரவரி இறுதியில் குழுவை வைத்து ஒரு முறை வாசித்துப் பார்ப்பார். மேடையேற்றம் மார்ச் 16.

பத்தொன்பது ஆண்டுகளாக எந்த இசைக்குழுவும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எனக்கு எழுபத்தொன்பது வயது. இது இருபத்திரண்டு நிமிட இசை. இது சரியாக வராவிட்டால், அடுத்தது என்று ஒன்று இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நேசமலர் கேட்டாள்: "குடுத்திட்டியளே? இனியாவது மனுசரைப் போல இருந்து சாப்பிடுவியளே?"

"இன்னும் பாதி கிடக்கு, நேசம்."

"நான் கலியாணம் கட்டின நாள் துவக்கம் உங்களுக்குப் பாதி கிடக்குது."

நவம்பர் 17, வெள்ளி

காய்ச்சல். வேலை இல்லை.

நவம்பர் 30, வியாழன்

பன்னிரண்டு நாள் படுக்கை. இன்றுதான் பியானோவின் முன் உட்கார்ந்தேன்.

பியானோ அரைச்சுரம் மேலே போயிருக்கிறது. எல்லாக் கட்டைகளும், மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக. ஏ கட்டையை அழுத்தினால் அதற்கு அடுத்த பி ஃப்ளாட் கேட்கிறது. ஹீற்றர் போடும் காலத்தில் காற்று காய்ந்து பியானோவின் சுருதி இறங்குவதுதான் வழக்கம். ஏறி நான் கண்டதில்லை. சுருதி சேர்க்கும் ரியூனர் கடாட்சத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். சனிக்கிழமை வருகிறார்.

டிசம்பர் 2, சனி

கடாட்சம் இருபது ஆண்டுகளாக எங்கள் பியானோவைப் பார்க்கிறவர். ஊரில் ரேடியோ திருத்தினவர். ஸ்காபரோவில் பரீட்சைக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் பியானோக்களில் பாதி இவர் கையில். மூடியைத் திறந்து, சுருதி அளக்கும் தன் கருவியை வைத்து, ஒரு ஏ அடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், இது நானூற்றி நாப்பதில, நிக்கவேண்டிய இடத்திலதான் நிக்குது. அசையேல்லை."

"இல்லை, கடாட்சம். பி ஃப்ளாட் கேக்குது."

"மெசின் ஏ எண்டு சொல்லுது."

"உங்கட மெசின் பிழை."

"காலமை நாலு வீட்டில இதே மெசின்தான் போட்டனான். நாலு வீட்டிலயும் பிழையெண்டா நான் நாளைக்கு ஊபர் ஓடுறதுதான் நல்லது." சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "மாஸ்டர், காய்ச்சலால எழும்பினனீங்கள். காது அடைச்சிருக்கும். ஒரு கிழமை விட்டுப் பாப்பமே?"

"என்ர காது எழுவது வரியமாப் பிழைச்சதில்லை."

"அதுவும் சரிதான்," என்றார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. போகும்போது குசினிக்குள் நேசமலரோடு சற்று நேரம் கதைத்தார். தேநீர் குடித்திருப்பார்.

டிசம்பர் 5, செவ்வாய்

சரிபார்ப்பு:
குளிர்ப்பெட்டியின் இரைச்சல்: அரைச்சுரம் மேலே.
வாசல் மணி: அரைச்சுரம் மேலே.
வானொலியில் பியானோ இசை, ஈ ஃப்ளாட் என்று அறிவித்து வாசிக்கப்பட்டது: ஈ.
மொன்றியலில் படிக்கும்போது வாங்கிய இசைக்கவை. தட்டினால் ஏ தவிர வேறெதுவும் தராத இரும்புக் கருவி: பி ஃப்ளாட்.

ஐம்பத்தேழு வருடத்தில் உலோகமும் களைத்துப்போகும் என்று நினைக்கிறேன்.

நேசமலர் குசினியில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தாள். அறுபது ஆண்டுகள் ஆலயப் பாடகர் குழுவில் பாடினவள். உயர்த்திப் பாடுகிறாய், இறக்கு என்று சொன்னேன். சுளகோடு நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஓம்," என்றாள்.

டிசம்பர் 15, வெள்ளி

பித்தளைக் குழல்கள் ஒப்படைத்தாயிற்று. அவற்றைப் பியானோவில் சரிபார்க்கவில்லை. நேரம் இல்லை.

டிசம்பர் 18, திங்கள்

இசைக்குழு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். கச்சேரிக்கு முன் இசையமைப்பாளர் மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். தலைப்பு: 'என் வாழ்வும் பயிற்சியும்'. கல்லூரியில் இசைத்துறைத் தலைவராக இருந்த ஒன்பது வருடமும் நான் கூட்டங்களில் பேசாமல் இருப்பதற்காகச் சுற்றறிக்கை எழுதினவன். மறுத்துப் பதில் எழுதினேன். அனுப்பவில்லை.

முதல் வரைவு:

'1944இல் தெல்லிப்பழையில் பிறந்தேன். தகப்பனார் மிஷன் பாடசாலையில் ஆசிரியர், ஞாயிறுகளில் ஆர்மோனியம் வாசிப்பவர். எனக்கு ஆறு வயதில், அவர் அடுத்த அறையில் தொட்ட கட்டையின் பெயரை இங்கிருந்து சொன்னேன். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். சரியாகச் சொன்ன ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பிஸ்கட். நான் பிஸ்கட்டை இழந்ததில்லை.

'லண்டன் இசைப் பரீட்சைகள் எட்டுத் தரமும் சித்தியடைந்தேன். 1966இல் புலமைப் பரிசில் பெற்று மொன்றியல் வந்தேன். என் ஆசிரியை ஒரு பிரெஞ்சுப் பெண்மணி, எங்களுக்கு வெறும் மதாம். முதல் நாள் என் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, பத்து விரலாலும் பியானோவில் அறைந்தார். பத்துச் சுரத்தையும் கீழிருந்து மேலாகச் சொன்னேன். தாளைப் பார்க்காதே, தாள் பொய் சொல்லும், காதை நம்பு என்பதே அவர் பாடம். மூன்று ஆண்டுகள் அதையே படித்தேன். கடைசி நாள் அவர் சொன்னார்: உனக்குக் காது இருக்கிறது, வாய் இருக்கிறதா?'

இந்த வரியோடு நின்றுவிட்டேன். இதை மேடையில் சொல்ல முடியாது. பிறகு நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் இசைக் கோட்பாடு கற்பித்தேன், முப்பத்தொரு படைப்புகள் எழுதினேன் என்று முடிக்கலாம். விமர்சனங்கள் என் இசையைத் 'துப்புரவானது' என்றே எப்போதும் சொல்லியிருக்கின்றன. மூன்று விமர்சகர்கள், வெவ்வேறு ஆண்டுகளில், அதே சொல்.

ஜனவரி 4, வியாழன்

மரக்குழல்களில் ஓபோவைக் கடைசியாக வைத்திருந்தேன். மற்றவற்றைப் பியானோவில் வாசிக்காமலே பிரதி எடுத்து முடித்தேன். இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் அந்த ஒல்லிக் குழலுக்குத்தான் நடுப்பகுதியின் மெட்டைக் கொடுத்திருக்கிறேன். தந்திகள் தாழ்ந்து ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் தனி ஓபோ, நாற்பத்தாறு பார்கள், நாற்பத்தாறு தாளக் கட்டங்கள். இந்த இருபத்திரண்டு நிமிடத்தில் எனக்கென்று ஏதாவது இருக்குமானால் அது அங்கேதான்.

முதலில் எழுதிய பென்சில் பிரதியில் மெட்டு ஈயில் தொடங்குகிறது. தலைக்குள்ளும் ஈயில்தான் கேட்கிறது. ஈ கட்டையை அழுத்தினால் எஃப் வருகிறது. பியானோ சரி என்று கருவி சொல்கிறது. என் காது சரி என்பதில் ஐயமில்லை. அப்படியானால் விட்டுக்கொடுக்க வேண்டியது தாள்.

மூன்று மணி நேரம் இருந்து நாற்பத்தாறு பார்களையும் அரைச்சுரம் இறக்கி மசியில் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். தலைக்குள் இருந்தது அப்படியே வந்தது. ஐந்து வாரத்தில் முதல் முறையாக மனம் ஆறியது.

தாளில் பார்க்கையில் தந்திகளோடு உரசுவது போலத் தெரிகிறது. தந்திகளின் பிரதி நூலகத்தில் இருக்கிறது. தாளைப் பார்க்கக் கூடாது.

ஜனவரி 15, திங்கள்

எல்லாம் ஒப்படைத்தாயிற்று. -14 பாகை. பஸ் நாற்பது நிமிடம் பிந்தியது.

பெப்ரவரி 3, சனி

பேச்சின் நான்காம் வரைவு. கிழித்துவிட்டேன்.

நேசமலர் இப்போது குசினியில் பாடுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. வேலைக்கு நல்லது.

பெப்ரவரி 24, சனி

வாசித்துப் பார்த்தார்கள்.

அரங்கின் எட்டாம் வரிசையில் இருந்தேன். முழு இசைக்குழுவும் எனக்கு அரைச்சுரம் மேலே ஒலித்தது. எதிர்பார்த்திருந்தேன், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முதற் பகுதி துப்புரவாகப் போனது. நடுப்பகுதி வந்தது. தந்திகள் தொடங்கின. ஓபோ நுழைந்தது.

தந்திகளும் ஓபோவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஓபோ தந்திகளுக்கு அரைச்சுரம் கீழே தனியாகப் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தாறு பார்களும். எழுந்து நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எழும்பவில்லை.

முடிந்தது. ஒரு செலோக்காரர் வில்லால் தாள்தாங்கியை மெல்லத் தட்டினார். அது அவர்கள் கைதட்டும் முறை. இன்னொருவர் தட்டினார். பிறகு எல்லோரும்.

ஒடில் மேடையில் இருந்து திரும்பினார். கியூபெக்காரி, நாற்பது வயது, ஆங்கிலத்தைப் பிரெஞ்சு போலப் பேசுவார். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: "மிஸ்டர் அரியரத்தினம், தந்திகள் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஓபோ நம்பவே இல்லை. நாற்பத்தாறு பார், ஒரு தடவைகூட நம்பவில்லை. எப்படித் துணிந்தீர்கள்?"

ஓபோ வாசித்த மார்த்தா என்ற பெண் குழலை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "முதல் தடவை பிரதியில் பிழை என்று நினைத்தேன்," என்றாள். "பதினைந்தாவது பாரில்தான் புரிந்தது."

நான் தலையாட்டினேன்.

பெப்ரவரி 25, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. பென்சில் பிரதியையும் மசிப் பிரதியின் நகலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பென்சில்: ஈ. மசி: ஈ ஃப்ளாட். பென்சில் பிரதியை மனத்துக்குள் தந்திகளோடு சேர்த்துக் கேட்டேன். பொருந்துகிறது. துப்புரவாக இருக்கிறது.

பிரதி எடுக்கும்போது நேர்ந்த பிழை. களைப்பினால்.

பெப்ரவரி 27, செவ்வாய்

இன்றைக்கு ஒரு பத்திரிகைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒத்திகையில் இருந்தாராம். "எழுபத்தொன்பது வயதில் உங்களுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?" அந்த நாற்பத்தாறு பார் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார். வேலையாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

நேசமலர் கேட்டுக்கொண்டு நின்றாள். "நாப்பத்தாறு பாரோ? உந்த வயசில ஒண்டு காணும் உங்களுக்கு."

நான் சிரிக்காததால் கிட்ட வந்து இருந்தாள். "இஞ்சேருங்கோ. என்ன நடந்தது?"

"பிரதி எடுக்கேக்க ஒரு எழுத்துப் பிழை வந்திட்டுது."

"எழுத்துப் பிழையோ, காதுப் பிழையோ?"

எழும்பப் பார்த்தேன். கையைப் பிடித்து இருத்தினாள்.

"மார்கழியில குசினிக்குள்ள வந்து நான் உயர்த்திப் பாடுறன் எண்டனீங்கள். கடாட்சம் தம்பி தன்ர மெசினை என்ர போனில போட்டுத் தந்தவர். நீங்கள் குளிக்கேக்க பாடிப் பாத்தனான். முள்ளு நடுவிலதான் நிண்டது. ரண்டு மூண்டு தரம் பாத்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் எழுதுறதை விட்டிடுவியள்." துவாயை மடித்து மடியில் வைத்தாள். "என்ர பாட்டைக் கேட்டாலும் உங்களுக்கு விளங்கியிடும் எண்டுதான் அதையும் விட்டனான்."

இரண்டு மாதமும் இருபத்திரண்டு நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 4, திங்கள்

காதுப் பரிசோதனை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பரிசோதித்த பெண் நல்ல பிள்ளை, வரைபடத்தைக் காட்டி ஆறுதலாக விளக்கினாள். உள்காதில் ஒரு சவ்வு இருக்கிறதாம். வயதில் அது விறைத்துப்போகும்போது சுரங்கள் இடம் மாறிக் கேட்கும். மெல்ல மெல்ல நடந்திருக்கும், காய்ச்சலுக்குப் பிறகுதான் நான் கவனித்திருப்பேன்.

"பெரும்பாலானவர்களுக்கு இது நடந்தாலும் தெரியாது," என்றாள். "சுரத்தின் பெயரைக் காதால் சொல்லத் தெரிந்தவர்கள்தான் கண்டுபிடிக்கிறார்கள்."

திரும்பி வருமா என்று கேட்கவில்லை. என் நேரம் முடிந்துவிட்டது, அடுத்தவர் வெளியே காத்திருந்தார்.

மார்ச் 6, புதன்

காலை ஒன்பது மணிக்கு ஒடிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். சொல்ல வேண்டியதை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். ஓபோவின் நாற்பத்தாறு பார்கள் பிழை. காரணம் என் காது. சரியான பிரதி தயார், இன்றே கொண்டுவந்து தருவேன். சிரமத்துக்கு வருந்துகிறேன்.

வாசித்து முடித்தேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கேட்டேன்.

"இருக்கிறேன்," என்றார். "சரியான பிரதியைக் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை, 15ஆம் தேதி ஒத்திகையில் இரண்டையும் வாசிப்போம். நீங்கள் சொல்வதைத்தான் கச்சேரியில் வாசிப்பேன், இசை உங்களுடையது. ஆனால் ஒன்று. எது சரி என்று என்னிடம் சொல்ல வேண்டாம். எது வேண்டும் என்று சொல்லுங்கள்."

மார்ச் 7, வியாழன்

எது வேண்டும்.

மார்ச் 9, சனி

பியானோவில் வாசித்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று இருந்தேன். ஒரு கையால் தந்திகள், மறு கையால் ஓபோ. எந்தக் கட்டையைத் தொட்டாலும் அதன் பெயரும் அதன் ஒலியும் சண்டை பிடிக்கின்றன. நான்காம் பாருக்கு மேல் போக முடியவில்லை. மூடியைச் சாத்தினேன்.

மதாம் உயிரோடு இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மார்ச் 11, திங்கள்

முறையாகச் செய்வோம் என்று முடிவெடுத்தேன். என் முப்பத்தொரு படைப்புகளையும் அலுமாரியிலிருந்து எடுத்து, காலவரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றாகப் படித்தேன். தேடியது ஒன்றைத்தான்: சரியாக இருப்பதற்காக எழுதாமல், வேண்டும் என்பதற்காக எழுதிய ஒரு பார். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. நேசமலர் சாப்பாட்டைத் தரையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்றைக் கண்டுபிடித்தேன். 1978, வயலினும் பியானோவும், மூன்றாம் பக்கம். என் கைப்பிரதியை எடுத்து ஒத்துப் பார்த்தேன்.

அச்சுப் பிழை.

மார்ச் 12, செவ்வாய்

வேலை இல்லை. எதுவும் இல்லை. இப்படியே ஒரு மனிதன் எழுபத்தொன்பது வயது வரை வரலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 13, புதன்

நேசமலர் என்னை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குளிர்காற்று. வாங்கில் இருந்தோம்.

"சரியானதை வாசிக்கச் சொல்லுங்கோவன்," என்றாள். "ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

"ஓம். ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

"அப்ப மற்றதை வாசிக்கச் சொல்லுங்கோ."

"அது நான் எழுதினது இல்லை, நேசம். காது வருத்தம் எழுதினது."

"உங்கட வருத்தம்தானே? பக்கத்து வீட்டுக்காரன்ர வருத்தமே?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குளிருது, எழும்புங்கோ என்றாள்.

மார்ச் 15, வெள்ளி

முதலில் சரியான பிரதி. மார்த்தா அழகாக வாசித்தாள். ஓபோ தந்திகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. எல்லாம் எனக்கு அரைச்சுரம் மேலேதான் கேட்டது. ஆனால் ஒன்றோடொன்று பொருந்தியது. பின் வரிசையில் ஒரு ஹார்ன்காரர், அந்த இடத்தில் அவருக்கு வேலையில்லை, தொலைபேசியில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள்.

பிறகு மற்றது. பன்னிரண்டாவது பார் அளவில் ஹார்ன்காரர் தொலைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தார். நான் மார்த்தாவைப் பார்க்கவில்லை, அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடியும்வரை அவர் அதைத் திருப்பி எடுக்கவில்லை.

எனக்குள்ளும் ஏதோ நடந்தது. அதை எழுத இப்போது முடியாது. என் பயிற்சி பெற்ற காதுக்கு அந்த மெட்டின் ஒவ்வொரு சுரமும் வலித்தது. ஆனால் அது நின்றுவிடக் கூடாது என்று இருந்தது.

ஒடில் திரும்பி, வெறும் கதிரைகளுக்கு மேலாகக் கேட்டார்: "எது?"

எழுந்தேன். அறுபத்தெட்டுப் பேர் பார்த்தார்கள். முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். என் வாயில் முதலில் வந்தது 'சரியானது' என்ற சொல். அது பழக்கம். பாதியில் நிறுத்தினேன்.

"கேட்கவில்லை," என்றார் ஒடில். "கொஞ்சம் சத்தமாக."

"பிழையானது. பிழையானது எனக்கு வேண்டும்."

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. மார்த்தா மற்றப் பிரதியை எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்தாள்.

இடைவேளையில் ஒடிலிடம் போய், அது பிழையால் வந்தது என்பதை நிகழ்ச்சிப் புத்தகத்தில் போட வேண்டும் என்றேன். புத்தகம் அச்சாகிவிட்டதாம். "ஏன் போட வேண்டும்? யாருக்கும் தெரியாதே," என்றார்.

"மக்கள் என்னிடம் இல்லாத ஒன்றுக்காகக் கைதட்டுவார்கள்."

"நாளைக்கு ஐந்து நிமிடம் பேசுகிறீர்கள் அல்லவா?" என்று சொல்லிவிட்டு அவர் மேடைக்குப் போனார்.

வீட்டில் நேசமலரிடம் சொன்னேன். "அத்தினை பேருக்கு முன்னால காது போச்செண்டு சொல்லப் போறியளே? நீங்களே?"

"சொல்லத்தான் வேணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அந்த நீலக் கோட்டைப் போடுங்கோ. கறுப்புக் கோட்டோட நிண்டா செத்த வீடு மாதிரிக் கிடக்கும்."

மார்ச் 17, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. மேடையில் இசைக்குழுவின் கதிரைகள் வெறுமையாக இருந்தன. நடுவில் ஒரு ஒலிவாங்கி. நேசமலர் மூன்றாம் வரிசையில். ஏழாம் வரைவு என் சட்டைப்பையில். எடுத்து விரித்தேன். மேடை வெளிச்சம் கண்ணில் விழுந்ததில் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டு, நினைவில் இருந்ததைச் சொன்னேன்.

சிறுவயதில் சுவரைப் பார்த்து நின்று சுரங்களின் பெயர் சொன்னதைச் சொன்னேன். பிஸ்கட்டுக்குச் சிரித்தார்கள். மொன்றியலில் கண்ணைக் கட்டியதைச் சொன்னேன். என் பயிற்சி முழுவதும் சுரங்களுக்குச் சரியான பெயர் சொல்லும் பயிற்சி என்றேன். அதில் நான் கெட்டிக்காரன், வேறொன்றிலும் இல்லை என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு சொன்னேன்: "இந்தக் குளிர்காலத்தில் என் காது மாறிவிட்டது. நான் இப்போது எல்லாப் பெயர்களையும் பிழையாகச் சொல்கிறேன். இன்று நடுப்பகுதியில் நீங்கள் கேட்கப்போகும் ஓபோ இசை அப்படி எழுதப்பட்டது. அது நான் தேர்ந்த துணிச்சல் இல்லை, நான் செய்த தவறு. திருத்தவில்லை. ஏனென்றால் என்னால் அதைவிட நன்றாக எழுத முடியாது. இன்னொரு முறை அப்படித் தவறவும் எனக்குத் தெரியாது."

அரங்கு முழுவதும் சிரித்தது. அன்பான சிரிப்பு. அதைத் தொடர்ந்து பலத்த கைதட்டல். ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னாள், 'என்ன அடக்கம்' என்பது அவள் முகத்தில் தெரிந்தது. நான் வாழ்க்கையில் சொன்ன ஒரேயொரு கடினமான உண்மையை அவர்கள் பகிடியாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இன்னொரு முறை சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. ஒலிவாங்கியை விட்டு நகர மறந்து அங்கேயே நின்றேன்.

முதல் வரிசையில், நடைபாதை ஓரத்தில், ஒரு கிழவர் கையை உயர்த்தினார். வெள்ளைக்காரர், என்னைவிட மூத்தவர். இரண்டு காதிலும் கருவி. அவர் சிரிக்கவில்லை. கைதட்டல் அடங்குவதற்குப் பொறுத்திருந்தார்.

"உங்களுக்கு எப்போதிருந்து?" என்று காது மந்தமானவர்களின் உரத்த குரலில் கேட்டார்.

"நவம்பர்."

"எனக்கு ஏழு வருடம். நான் ஆர்கன் வாசித்தவன்." கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். "முதலில் அரைச்சுரம். பிறகு ஒரு முழுச் சுரம். அது திரும்பி வராது. உங்களுக்குச் சொன்னார்களா?"

அவர் என்னிடம் மட்டும்தான் கேட்டார். நானும் அவருக்கு மட்டும்தான், தாழ்ந்த குரலில் பதில் சொன்னேன்.

"தெரியும்," என்றேன்.

ஒலிவாங்கி திறந்தே இருந்தது. அந்தச் சொல் அரங்கின் கடைசி வரிசை வரை போனது. மிச்சமிருந்த சிரிப்பு நின்றது. எண்ணூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நேசமலர் மட்டும் தலையைக் குனிந்து, கைப்பையைத் திறந்து, எதையோ தேடினாள்.

ஒருவர் வந்து என் முழங்கையைப் பிடித்து மேடையை விட்டு இறக்கினார். அதன் பிறகு வாசித்தார்கள்.